நாலு தரும் கம்ப்ரசரும் பத்து கேட்கும் ஸ்ப்ரே கன்னும்

பட்டாளத்தில் இருபத்திரண்டு வருஷம் ஸ்டோரில் இருந்தேன். ஸ்பேனர் முதல் டிரில் வரை எல்லாம் என் கையெழுத்தோடுதான் வெளியே போகும். அதில் ஒன்றையாவது பிடித்து நான் வேலை செய்திருக்கிறேனா என்று யாரும் கேட்டதில்லை. நானாகச் சொன்னதும் இல்லை. ஓய்வு பெற்று வடகரைக்கு வந்த கையோடு தென்காசிக்குப் போய், கையில் தூக்கிப் போகிற மாதிரி ஒரு சின்ன ஏர் கம்ப்ரசர் வாங்கினேன்.

"எந்த டூல் ஓட்டப் போறியன்னு சொன்னா, அதுக்குத் தக்கன தரலாம் அண்ணாச்சி" என்றார் கடைக்காரர். ராணுவக்காரனிடமே கேள்வியா! "எல்லாந்தான் ஓட்டுவேன். டேங்க் எத்தனை லிட்டர்?" என்றேன். இருபத்து நாலு. எனக்கு அது ஏகப்பட்டதாகத் தெரிந்தது.

முதல் வாரம் தெருவிலிருந்த சைக்கிள், பைக் அத்தனைக்கும் காற்று அடித்தேன். ஸ்டேப்ளர் கன்னை மாட்டி, கிழிந்த சோபாவுக்குப் புது ரெக்ஸின் போட்டேன். அதோடு சும்மா இருந்திருக்கலாம்.

என் மனைவியின் தம்பி டூரிஸ்ட் வேன் ஓட்டுகிறான். குற்றாலத்தில் சீசன் களை கட்டினால்தான் அவனுக்கு வருஷச் சோறு. ஒரு வியாழக்கிழமை வேனை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினான்.

"அத்தான், திங்கக்கிழமை எப்.சி. காட்டணும். பெயிண்ட் இப்படி உரிஞ்சு கெடந்தா பாஸ் பண்ண மாட்டாவ. எப்.சி. இல்லன்னா வண்டிய ரோட்டுல எறக்க முடியாது, சீசன் போச்சு. நீங்க அடிச்சுத் தந்திருவியளா?"

என் மீசை தானாகத் துடித்தது. "சாவியக் குடுலே" என்றேன்.

மறுநாள் எமரி பேப்பர் போட்டுத் தேய்த்து, கண்ணாடிகளில் பேப்பர் ஒட்டி, புதிதாக வாங்கிய பெரிய ஸ்ப்ரே கன்னை மாட்டினேன். முதல் கதவில் பாதி வரை பெயிண்ட் அழகாக இறங்கியது. பிறகு காற்று தளர்ந்து, கன் தூ தூ என்று துப்ப ஆரம்பித்தது. பிரஷரைக் கூட்டினேன், இன்னும் உற்சாகமாகத் துப்பியது. வேனின் இடது பக்கம் கேப்பை மாவு தெளித்த மாதிரி ஆனது.

முதலில் வோல்டேஜைத் திட்டினேன். அப்புறம் தின்னர் விற்றவனை. கடைசியில் பக்கத்து வீட்டுக்குப் போய், கரண்டை இழுக்கிறதென்று மிக்ஸியை நிறுத்தச் சொன்னேன். "நீங்க பெயிண்ட் அடிக்கியன்னு நாங்க தொவையல் அரைக்காண்டாமா?" என்று அந்த அம்மாள் கதவைச் சாத்தினாள்.

என் மனைவி அச்சன்புதூர் விவசாயக் குடும்பத்துக்காரி. வெளியே வந்து பார்த்தாள்.

"கெணத்துல ஊத்து எம்புட்டோ அம்புட்டுத்தான எறைக்க முடியும்? பத்து ஹெச்.பி. மோட்டாரப் போட்டுட்டு, தண்ணி வரலன்னு கெணத்தத் திட்டுதிய!"

"உனக்கு என்னட்டி தெரியும்? உள்ள போ" என்றேன். அவள் போனதும் வேனுக்குப் பின்னால் ஒளிந்து உட்கார்ந்து கம்ப்ரசர் பெட்டியிலும் கன் பெட்டியிலும் இருந்த குறிப்புத் தாள்களை எடுத்துப் படித்தேன். கன் நிமிஷத்துக்குப் பத்து கன அடி காற்று கேட்கிறது. கம்ப்ரசர் தருவது நாலு. டேங்கில் இருப்பது ஒரு நிமிஷத்தில் தீர்ந்துவிடும், அப்புறம் துப்பல்தான். இருப்பு வேறு, வரத்து வேறு. இதுகூடத் தெரியாமல் இருபத்திரண்டு வருஷம் ஸ்டோரில் என்ன கிழித்தேனோ! வெட்கமாக இருந்தது.

சனிக்கிழமை அதே கடைக்குப் போய், மூன்று மட்டும் கேட்கும் குட்டி கன் ஒன்று வாங்கினேன். கடைக்காரர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. வீட்டுக்கு வந்து மாவுப் புள்ளிகளைத் தேய்த்து எடுத்துவிட்டு, ஒரு கதவு, ஒரு நிறுத்தம், ஒரு டீ, அடுத்த கதவு என்று அடித்தேன். ஞாயிறு சாயங்காலம் வேலை முடிந்தபோது இடுப்பு என் வசத்தில் இல்லை.

மச்சினன் வந்தான். "காலைல எத்தன மணிக்குலே போகணும்? நானும் வாரேன்" என்றேன். அவன் அக்காவைப் பார்த்தான். அவள் தென்னை மரத்தைப் பார்த்தாள்.

"அத்தான்... எப்.சி. அடுத்த மாசம்லா."

"பொறவு எதுக்குலே திங்கக்கிழமைன்னு சொன்ன?"

மனைவிதான் பதில் சொன்னாள். "நாந்தான் சொல்லச் சொன்னேன். ஒரு மாசம் இருக்குன்னா ஒரு மாசமும் மிஷின் பெருமையே பேசிக்கிட்டு இருப்பிய. நீங்க கெடுத்து வச்சாலும் பெயிண்டர்ட்ட விட நாளு வேணும்லா? நாளைக்கே வண்டியக் கொண்டு வாரதா அவர்ட்ட சொல்லியாச்சு."

வீட்டில் எனக்கு இருக்கிற மரியாதை இவ்வளவுதானா! கோபத்தில் காது சூடாகிவிட்டது. மச்சினன் வேனைச் சுற்றி வந்தான், ஒவ்வொரு கதவாகக் குனிந்து பார்த்தான். பிறகு பெயிண்டருக்குப் போன் போட்டான்.

"அண்ணே, நாளைக்கு வண்டி வராது. பெயிண்ட் அடிச்சாச்சு... எங்க அத்தான்தான். இல்லண்ணே, நெசமாவே நல்லாருக்கு. நீங்க வேற வேலைய எடுத்துக்கோங்க."

திட்டத்தான் வாயைத் திறந்தேன். கை தானாக மீசையை முறுக்கியது. "பின் கதவுல கைய வைக்காதலே, இன்னும் காயல" என்று மட்டும் சொன்னேன்.