நிலவில் இறங்கியதைப் பார்க்க ஒன்பதாம் வகுப்பு மாணவிகளுக்கு அனுமதி இல்லை

ராக்கெட் ஏவுவதை நேரில் பார்க்க எப்படிப் போவது என்று இந்தப் பக்கத்தில் அடிக்கடி கேட்கிறீர்கள். அதைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன். இது சந்திரயான்-3 நிலவில் இறங்கியதைப் பார்க்கக் கீரமங்கலம் போன கதை. நினைத்தால் இன்றும் எனக்கு ஆத்திரம் அடங்குவதில்லை.

2023 ஆகஸ்ட் 23, புதன்கிழமை. என் கல்லூரித் தோழி ஜெசிந்தா கீரமங்கலம் பக்கம் ஒரு பள்ளியில் அறிவியல் ஆசிரியை. (பள்ளியின் பெயர் வேண்டாம்.) அவளுடைய ஒன்பதாம் வகுப்பு மாணவிகள் தெர்மாகோலிலும் ஜிகினாத் தாளிலும், நிலவில் இறங்கும் கலமான லேண்டரின் மாதிரி ஒன்று செய்திருந்தார்கள். அன்று மாலை பள்ளியில் பெரிய திரை கட்டி நேரலை காட்டுவதாகவும், ஒவ்வொரு கட்டத்தையும் அந்தப் பிள்ளைகளே விளக்கப் போவதாகவும் சொல்லி என்னை அழைத்தாள். அரை நாள் விடுப்புப் போட்டேன்.

திருச்சியிலிருந்து புதுக்கோட்டை சுமார் 55 கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம். அங்கிருந்து ஆலங்குடி, வடகாடு வழியாகக் கீரமங்கலத்துக்கு இன்னொரு பஸ். வடகாடு தாண்டினால் இரு பக்கமும் தென்னையும் பூந்தோட்டமும்தான். ஜன்னலோர இருக்கை கிடைத்தால் விடாதீர்கள்.

நான் போய்ச் சேரும்போது மணி நாலரை. பள்ளி வாசலில் மாணவிகள் புத்தகப் பையோடு வெளியே வந்துகொண்டிருந்தார்கள். சௌமியா என்ற பெண், என்னை அழைத்துப்போக வாசலுக்கு வந்திருந்த ஜெசிந்தாவிடம் ஓடி வந்து, "எங்கள மட்டும் வீட்டுக்குப் போகச் சொல்லிட்டாங்க டீச்சர்" என்று அழுதாள். அதற்குள் அவர்கள் ஊர் பஸ் வந்துவிட்டது. அத்தனை பேரும் ஏறிப் போனார்கள்.

ஜெசிந்தா தலைமையாசிரியரிடம் விரைந்தாள். நானும் பின்னாலேயே போனேன்.

"பொம்பளப் புள்ளைங்க டீச்சர். முடிய ஆறு மணிக்கு மேல ஆயிரும், இருட்டிரும். ஏதாச்சும் ஒண்ணுன்னா யாரு பதில் சொல்றது?"

"நான் சொல்றேன் சார். நானே கொண்டுபோய் விடுறேன்."

"அதெல்லாம் சரிப்படாது."

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "பசங்களுக்கு இருட்டாதா சார்?" என்று கேட்டேன்.

"ஆம்பளப் பயலுக எப்புடியாச்சும் போயிருவானுக" என்று சிரித்தார். மாதிரியை விளக்கும் வேலையையும் பையன்களிடமே கொடுத்துவிட்டாராம். செய்தவர்கள் பஸ்ஸில் போய்க்கொண்டிருக்க, அவர்கள் செய்தது மட்டும் மேசைமேல் இருந்தது. ஜெசிந்தா லேண்டரை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வெளியே நடந்தாள்.

வாசலிலேயே சௌமியாவின் ஊருக்கு ஆட்டோ பிடித்தோம். ஆறு கிலோமீட்டருக்கு நூற்றைம்பது ரூபாய். "இங்கிட்டு குறுக்கால போனா சீக்கிரம் போயிரலாங்க" என்று ஓட்டுநர் தோப்பு வழியாக விட்டார். பள்ளம் வரும்போதெல்லாம் லேண்டரின் கால் ஒடியாமல் நான் பிடித்துக்கொண்டேன்.

சௌமியாவின் அம்மா வாசலில் முல்லை கட்டிக்கொண்டிருந்தார். நடந்ததைக் கேட்டதும் நாரைக் கீழே போட்டார். "எங்க புள்ளயக் கூட்டியார எங்களுக்குத் தெரியாதா டீச்சர்? ஒரு போன் பண்ணியிருந்தா நானே வண்டிய எடுத்துக்கிட்டு வந்து நின்னுருப்பேனே!"

அந்த ஒரு போனைத்தான் யாரும் செய்யவில்லை.

சேதி தெரிந்து வந்த பத்துப் பன்னிரண்டு மாணவிகள் அந்தச் சின்ன வீட்டில் நெருக்கி உட்கார்ந்தார்கள். சௌமியா டிவி பக்கத்தில் லேண்டரோடு நின்று விளக்கினாள். "இப்ப வேகத்தக் கொறைக்குது. இப்ப நிமிருது பாருங்க. இனிமே நேரா எறங்கும்." அழுத குரல் தெளிந்துவிட்டது. ஆறு மணி நான்கு நிமிடத்துக்கு லேண்டர் தரை தொட்டபோது வீடே அலறியது. சௌமியாவின் அம்மா கூடையிலிருந்த பூவை அள்ளி எங்கள்மேல் வீசினார்.

திரையில் கட்டுப்பாட்டு அறையைக் காட்டினார்கள். சேலை கட்டிய பெண்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். சௌமியா அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவங்கள்லாம் எத்தன மணிக்கு வீட்டுக்குப் போவாங்க டீச்சர்?"

நானும் ஜெசிந்தாவும் வெளியே வந்தோம். இன்னும் நல்ல வெளிச்சம் இருந்தது.

மறுநாள் காலை நான்கு அம்மாக்கள் பள்ளிக்குப் போய்க் கேட்டிருக்கிறார்கள். "நல்லதுக்குத்தான் செஞ்சேன்" என்றாராம் தலைமையாசிரியர். வருத்தம் தெரிவிக்கவில்லை. ஒரே வாரத்தில் ஜெசிந்தாவை ஒன்பதாம் வகுப்பிலிருந்து ஆறாம் வகுப்புக்கு மாற்றிவிட்டார். அதுவும் நல்லதுக்குத்தானோ என்னவோ. பாதுகாப்பு என்று சொல்லிவிட்டால் எந்த அநியாயத்துக்கும் மரியாதை வந்துவிடுகிறது. பஸ் போதாது என்றால் பஸ் கேட்க வேண்டும். தெருவிளக்கு எரியவில்லை என்றால் விளக்குக் கேட்க வேண்டும். அதை விட்டுவிட்டு இவர்கள் பெண் பிள்ளைகளைக் குறைத்துக்கொள்கிறார்கள்.

அடுத்த விண்கலத்தைப் பள்ளியில் பிள்ளைகளோடு பார்க்க நினைப்பவர்களுக்கு: புதுக்கோட்டை திரும்பும் கடைசி பஸ்ஸை முன்னாலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். இணையம் தடுமாறும், டிவி இருக்கட்டும். திரை, ஸ்பீக்கர், சுண்டல் எல்லாவற்றுக்கும் முன்னால், மாணவிகள் எப்படி வீடு திரும்புவார்கள் என்று முடிவு செய்யுங்கள். அம்மாக்களுக்குப் போன் போடுங்கள், வேன் பேசுங்கள், நீங்களே கூடப் போங்கள். அதற்கு வழியில்லை என்று யாராவது சொன்னால், அன்று திரையே கட்ட வேண்டாம் என்று சொல்லுங்கள்.