வேலை இருக்கும்போதே நிரப்ப வேண்டிய படிவம்

வேலை போனவர்களுக்குச் சில மாதம் உதவித்தொகை தரும் டெல்லி அலுவலகம் ஒன்றில் கவுண்டருக்குப் பின்னால் உட்காரும் ஒப்பந்த ஊழியர் நான். இங்கே சிரித்த முகத்தோடு வருகிறவர்கள் வழி கேட்க வந்தவர்கள் மட்டும்தான். ஏதாவது ஒரு கவுண்டரில் கால் கடுக்க நின்ற உங்களுக்கு என் பிழைப்பு புரியும்.

முதலாளியைத் தேடி

டெல்லி முனிர்கா பகுதியில் அறை எடுத்திருந்த நாகர்கோவில் நர்ஸ் ஸ்டெல்லா ஒருநாள் வந்தாள். அவள் வேலை பார்த்த சின்ன மருத்துவமனையை ஒரே நாளில் இழுத்து மூடிவிட்டார்கள். உதவித்தொகை வராவிட்டால் மாதக் கடைசியில் அறையைக் காலி செய்து ஊருக்கு ரயிலேற வேண்டும். ஏறிவிட்டால் இங்கே இன்டர்வியூவுக்குப் போவது யார்? படிவத்தில் எல்லாம் சரி, கடைசி முதலாளியின் கையெழுத்து மட்டும் இல்லை. வாங்கி வரச் சொன்னேன். விதி அப்படி. அவள் கோபப்படவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவள் போலக் கேட்டாள்: "கையெழுத்துப் போட முதலாளி இருந்தா, நான் எதுக்குக்கா இங்க வாறேன்?"

குப்தாஜியின் அச்சா

அந்தக் கேள்வி என்னைக் குடைந்தது. ஆள் வேலையில் இருக்கும்போதே, வேலையிடத்துக்கே போய் முகாம் போட்டு, முதலாளி கையெழுத்து, வங்கி விவரம் எல்லாம் வாங்கி வைத்தால் என்ன? நாளைக்குப் பொருளாதார மந்தம் வந்து கம்பெனிகள் மூடினாலும் ஜனம் தெருவில் நிற்க வேண்டாமே. ஒரு பக்கம் எழுதி, ஸ்டெல்லாவின் சம்பளச் சீட்டையும் இணைத்து, மேலதிகாரி குப்தாஜியிடம் நீட்டினேன். இரண்டு முறை படித்தார். ஸ்டெல்லாவுக்குக் கையெழுத்துக்குப் பதில் அந்தச் சீட்டே போதும் என்று எழுதிவிட்டு, என் யோசனையை மேலே அனுப்பினார். அது ஒப்புதலாகித் திரும்பி வந்ததில் அவருக்கே ஆச்சரியம். "அச்சா, யோசனை சொன்னது நீங்கதானே? முகாமையும் நீங்களே நடத்துங்க."

தொடாத காகிதம்

முதல் முகாம் ஜனக்புரியில் ஒரு மருத்துவமனையில். படிவத்தின் தலையில் 'வேலையிழப்பு' என்று கொட்டை எழுத்தில் இருந்ததா, ஒருவரும் தொடவில்லை. வேலையில் இருக்கும்போது இதைத் தொட்டால் விளங்குமா என்று ஒரு லேப் டெக்னீஷியன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

மதியம் ஸ்டெல்லா வந்து நின்றாள். உதவித்தொகையால் அறையைத் தக்கவைத்து, நாலைந்து இன்டர்வியூவுக்கு அலைந்து, கடைசியில் அந்த மருத்துவமனையில்தான் சேர்ந்திருக்கிறாள். முதல் ஆளாக அவள் எழுதினாள். பின்னாலேயே வரிசை சேர்ந்தது. பிறகு இன்னொரு படிவத்தை என் பக்கம் தள்ளினாள்: "நீங்களும் காண்ட்ராக்ட்டுதானக்கா, ஒண்ணு எழுதி வையுங்க."

ஊருக்கெல்லாம் விளக்கம் சொன்ன நான் அதை வாங்கிக் கைப்பையில் போட்டேன். வெளியே எடுக்கத்தான் இதுவரை கை வரவில்லை.