பக்கத்து வீட்டுப் புல்

தொண்ணூறுகளின் கடைசியில் மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு குடியிருப்பில் எங்களுக்கு வீடு கிடைத்தது. வாசலில் சின்னதாக ஒரு புல்தரை. பக்கத்து வீட்டுக்கும் அதே அளவு, அதே மணல், அதே குழாய்த் தண்ணீர். ஆனால் அந்த வீட்டுக்காரியின் புல் எப்போதும் மழை பெய்து விட்ட மறுநாள் மாதிரி இருக்கும். என்னுடையது வைக்கோல் நிறம்.

அவள் சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் விவசாயக் குடும்பத்துப் பெண், என்னைவிட இளையவள். நான் தினமும் சாயங்காலம் தண்ணீர் தெளிப்பேன். அவளோ வாரத்துக்கு இரண்டு முறை, காலையில் குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் விட்டுவிடுவாள். புல் வெட்டும் மெஷின் எங்கள் வரிசைக்கே பொது. நான் அதன் வெட்டும் உயரத்தை ஆகக் கீழே இறக்கிப் புல்லை மொட்டையடித்துவிடுவேன். அப்புறம் பதினைந்து நாளைக்குத் தொல்லை இல்லை. அவள் வாராவாரம் நுனியை மட்டும் சீவுவாள்.

ஒருநாள் என் கணவர் அவள் புல்லின் ஓரம் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். "மிதிக்கவே மனசு வரலை" என்றார். எங்கள் புல்லில் அவர் சைக்கிளைப் போட்டுவைப்பார். அன்று குழம்பில் உப்புப் போடவில்லை. மறந்துவிட்டேன் என்றேன்.

மாசியில் தன் தங்கை கல்யாணத்துக்குக் கிளம்பும்போது அவள் சொன்னாள்: "வர எட்டு நாள் ஆவும்க்கா. நடுவுல ஒரு தபா நல்லா தண்ணி வுட்டுடுங்க, போதும்."

"தினமும் விடுறேன்" என்றேன். ஒரு சொட்டு விடவில்லை.

ஐந்தாம் நாள் இலைகள் லேசாகச் சுருண்டன. சந்தோஷமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. ஆனால் எட்டாம் நாளும் அது பச்சைதான். தினமும் நனைத்த என் புல் திட்டுத்திட்டாகக் கருகியிருந்தது.

அவள் வந்ததும் விரலால் மண்ணைக் கிளறிப் பார்த்தாள்.

"தண்ணி வுடலியாக்கா? மறந்துட்டீங்களா?"

ஆமாம் என்று சொல்லித் தப்பியிருக்கலாம். "மறக்கலை" என்றேன். அவள் விரலில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மூன்று வாரம் பேச்சில்லை. பிறகு ஒரு காலை, களைக்கொத்தியோடு எங்கள் வாசலுக்கு வந்தாள். என் புல்லில் ஒரு கொத்துப் பெயர்த்தாள். வேர் ஒரு விரற்கடை கூட இல்லை. தன் புல்லிலிருந்து பெயர்த்து வந்த கொத்தைக் காட்டினாள். ஒரு சாண் வேர்.

"டெய்லி மேலால நனைச்சிகினே இருந்தா வேர் இன்னாத்துக்குக்கா கீழ போவும்? அதுக்கு மேல மொட்ட வேற அடிச்சிடுறீங்க. மூணுல ஒரு பங்கு வெட்டுனா போதும்."

சொன்னபடி செய்தேன். ஆடிக்குள் என் புல்லும் தேறிவிட்டது. கணவர் சைக்கிளைச் சுவரோரம் நிறுத்தத் தொடங்கினார்.

ஆனால் அடுத்த தடவை ஊருக்குப் போனபோது அவள் எதிர் வீட்டுக்காரியிடம் சொல்லிவிட்டுப் போனாள். அந்த அம்மாள் காலையில் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்பதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அந்தப் புல்லைப் பார்த்து வயிறு எரிந்ததெல்லாம் இந்த எரிச்சலுக்கு முன்னால் ஒன்றுமேயில்லை.