ஜிபார் பிடித்த தாமதம்

கரகோல் ஊரில் ஜிபாரின் காதைப் பற்றிப் பேசும்போது யாரும் கஞ்சத்தனம் காட்டுவதில்லை. ஏரிக்கு அக்கரையில் குதிரை தும்மினால், அது ஆணா பெண்ணா என்று இக்கரையிலிருந்தே சொல்லிவிடுவாளாம். பாதியாவது உண்மையாக இருக்கும்; தும்மிய குதிரையை யாரும் விசாரித்ததில்லை.

பண்பாட்டு மாளிகையில் பதினெட்டு வருடம் ஒலிபெருக்கி பார்த்தவள் அவள். புதிதாக வந்த மேலாளர், "பொம்பளைக்கு எதுக்கு வயர் வேலை?" என்று அவளை வாசலில் சீட்டுக் கிழிக்கப் போட்டார். ஜிபார் சாவியை அவர் மேசையில் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். மாட்டைத் தங்கை வீட்டுக்கு அனுப்பினாள். கொட்டிலின் நாலு சுவரிலும் கம்பளி விரிப்பை அடித்து ஒலிப்பதிவு அறையாக்கிக்கொண்டாள்.

முதல் பெரிய வேலை அந்த வசந்தத்தில் வந்தது. தலைநகரத்துப் படக்காரர்களுக்கு ஓர் அய்த்திஷ் வேண்டும். இரண்டு பாடகர்கள் மூன்று நரம்புக் கோமுஸை மீட்டியபடி, அந்தக் கணத்தில் வரி கட்டி ஒருவரையொருவர் சீண்டிப் பாட வேண்டும். தடுமாறி நிற்பவர் தோற்றவர். பாடும் நாளன்றே மதியம் மூன்று மணிக்குள் பதிவு போய்ச் சேராவிட்டால் வேலை பண்பாட்டு மாளிகைக்குப் போய்விடும். அந்த மேலாளருக்கு!

ஒருவர் குரல் மற்றவர் மைக்கில் கலக்கக் கூடாதென்று, பாடகர் ஷார்ஷென் கொட்டிலில் உட்கார்ந்தார். அவரை எதிர்த்துப் பாடும் கனிஷாய்க்குச் சமையலறை. இருவர் குரலும் ஒலிப்பெட்டி வழியாகக் கணினிக்குப் போய், காதுக்கருவி வழியாக இருவர் காதுக்கும் திரும்பும். முந்தின நாள் ஒத்திகை வழுக்கிக்கொண்டு போனது. அன்று காலையில் படக்காரர் எமில் தொலைபேசியில் வந்து, அக்கா முறை வைத்து 'எஜே' என்றார்.

"எஜே, எங்க படத்துக்கு நொடிக்கு நாப்பத்தெட்டாயிரம் துண்டா நறுக்கின சத்தம்தான் ஆகும். நீங்க வச்சிருக்கிறது நாப்பத்து நாலாயிரத்து நூறு."

"அதுல பதிஞ்சு, அப்புறம் மாத்தித் தர்றேனே?"

"மாத்தினதைக் குடுத்தா எங்க ஒலிக்காரர் என் மூஞ்சிலயே எறிவாரு."

சரி என்று ஜிபார் பாட்டு நிரலில் அந்த எண்ணை நாற்பத்தெட்டாயிரமாக மாற்றினாள். பாட்டு தொடங்கி இரண்டாவது அடியில் ஷார்ஷென் எழுந்துவிட்டார்.

"நிறுத்துங்கடி! நான் பாடினதையே பின்னாடி முனகிக் காட்டுறா இவ!"

"நான் வாயே தொறக்கல பைகே!" என்று அண்ணன் முறை வைத்துச் சமையலறை பதில் சொன்னது. "உங்க பாட்டு உங்களுக்கே புளிச்சுப்போச்சு போல!"

"ஜிபார், இவ ஏமாத்தறா. இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா நான் மினிபஸ் ஏறிடுவேன்!"

ஜிபார் முதலில் சந்தேகப்பட்டது அவர் கல்பாக்கை. வெள்ளைக் கம்பளித் தொப்பி. அதைக் கழற்ற மாட்டார், காதுக்கருவியை அதன் மேலேயே மாட்டியிருந்தார். தொப்பியைத் தூக்கி, கருவியை உள்ளே செருகி, மறுபடி தொப்பியைக் கவிழ்த்தாள். மலைக்கு மேல் மலை வைத்தது போல் ஆனது. முனகல் போகவில்லை. தானே கருவியை மாட்டிக்கொண்டு கைதட்டினாள். தட்டல் சாவகாசமாகத் திரும்பி வந்தது, தேநீர் குடித்துவிட்டு வருவது போல.

திரையோ தாமதம் எட்டு மில்லிநொடி என்றது. எட்டு என்றால் ஈ சிறகடிக்கிற நேரம். மற்ற நிரல்களை மூடினாள், பயனில்லை. எண்ணைப் பழையபடி வைத்தாள், முனகல் மறைந்தது. நாற்பத்தெட்டுக்குப் போனாள், வந்துவிட்டது.

"எஜே, மணி பன்னண்டரை," என்றாள் கனிஷாய்.

"மணியை நீ பாடாதே. பாட்டைப் பாடு."

ஒரு குட்டை வயரை எடுத்து, பெட்டியின் வெளிவாயை அதன் உள்வாயோடேயே இணைத்தாள். கணினியிலிருந்து ஒரு 'டக்' அனுப்பி, அது திரும்பப் பதிந்த இடத்தைப் பார்த்தாள். நாலாயிரத்து நானூறு துண்டு தள்ளி நின்றது. கிட்டத்தட்ட நொடியில் பத்தில் ஒரு பங்கு!

"திரை பொய் சொல்லுதுடி!" என்று துள்ளினாள். "பழைய எண்ணோட தாமதத்தையே இன்னும் காட்டிட்டு இருக்கு!"

பெட்டிக்கென்று இருந்த தனிப் பலகத்தைத் திறந்தாள். அங்கே உட்கார்ந்திருந்தான் திருடன். எத்தனை துண்டு சேர்ந்தபின் கணினிக்குத் தர வேண்டும் என்பதை ஒவ்வோர் எண்ணுக்கும் தனித்தனியாக நினைவில் வைத்திருக்கிறது பெட்டி. பழைய எண்ணுக்கு, நூற்றிருபத்தெட்டு என்று அவளே என்றோ வைத்தது. நாற்பத்தெட்டாயிரத்தை யாரும் தொட்டதே இல்லை. இரண்டாயிரத்து நாற்பத்தெட்டு என்று பிறந்தபடியே கிடந்தது. முன்பே திறந்திருந்த பாட்டு நிரல், புதுக் கணக்கைப் பெட்டியிடம் கேட்கவும் இல்லை.

நிரலை மூடினாள். பலகத்தில் நூற்றிருபத்தெட்டை வைத்தாள். பெட்டியை அணைத்து, பத்து எண்ணி, உயிர்ப்பித்து, கடைசியாக நிரலைத் திறந்தாள். குட்டை வயரில் மறுபடி ஒரு 'டக்'. முன்னூற்றுத் தொண்ணூறு துண்டு, நிஜமாகவே எட்டு மில்லிநொடி!

"பாடுங்க பைகே!"

ஷார்ஷென் சந்தேகத்தோடு ஓர் அடி பாடினார். முனகல் இல்லை. உடனே மார்பு விரிந்தது.

"அடுப்படியில் ஒளிந்த பெண்ணே, பாட்டு வேகிறதா, பருப்பு வேகிறதா?"

மூச்சு விடுவதற்குள் கனிஷாய் திருப்பினாள்:

"வேகாத பாட்டை ஊருக்குப் பரிமாறிய வாயே, ஒரு வாரமாய் ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது!"

நாற்பது நிமிடம். கம்பளி விரிப்புகளில் புழுதி எழும்பி ஆடியது என்பார்கள். ஒருவர் சொல் முடிய மற்றவர் சொல் அதன் குதிகாலை மிதித்தது. கடைசியில் கனிஷாய் அவர் மீசையைப் பற்றி எடுத்துவிட்ட ஒரு வரிக்கு ஷார்ஷென் வாயைத் திறந்தார்; பாட்டுக்குப் பதில் சிரிப்பு வந்தது. குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். தோற்றார்.

இரண்டே முக்காலுக்குப் பதிவு தலைநகரம் போனது. மூன்று மணியாவதற்கு முன்பே எமில் அழைத்துக் கத்தினார்: "எஜே, ரெண்டு பேரும் ஒரே கம்பளத்துல உக்காந்து பாடின மாதிரி இருக்கு! இனி படம் முழுக்க உங்க அறைதான்!"

இன்னும் சிரிப்பு அடங்காத ஷார்ஷென் காதுக்கருவியைப் பிடுங்கி எடுத்து, கண்ணீரைத் துடைத்துக்கொண்டார்.

"இந்தத் தடவை நின்னது என் நாக்குதான், ஜிபார். உன் வயர் மேல ஒரு குத்தமும் இல்ல."