மூடி சேர்ந்தால்தான் சொத்து

சித்திரைத் தேர் நிலைக்கு வந்து சேர்ந்த மறுநாள் காலையில், திருவரங்கத்து வீதிகளைப் போல் வளம் மிக்க நிலம் வேறெங்கும் இல்லை என்று பத்து வயதுச் சிறுமியான நான் உறுதியாக நம்பியிருந்தேன். துறையூர்ப் பக்கத்திலிருந்து வண்டி கட்டி வந்த கூட்டம் ஊர் திரும்பிய பின், தவறவிட்டவை யாவும் புழுதியில் கிடக்கும்: மாட்டின் காலிலிருந்து கழன்ற லாடம், பலூன் ஊதல், கொண்டை ஊசி, மூக்குக் கண்ணாடியின் ஒற்றை வில்லை. பெரியோர் கண்ணுக்கு அவை குப்பை.

எங்களுக்கு அவற்றை அரும்பொருள் ஆக்கியவர் சின்ன மாமா. கைலாசபுரத்தில் தொழிற்சாலை வேலைக்கு விண்ணப்பித்துவிட்டு, அழைப்பு வரும்வரை எங்கள் வீட்டில் தங்கியிருந்தார். காத்திருப்பவருக்குப் பொழுது மிகுதி. ஐந்து நாள் நடைபெறும் விளையாட்டு ஒன்றை அவர் இயற்றினார். நானும் எட்டு வயதுத் தம்பியும் புதையல் தேடிச் செல்லும் வீரர்கள். காடு, கள்வன், காவலன், பாம்பு அனைத்தும் மாமாவே. நாங்கள் பொறுக்கி வந்த பொருளுக்கெல்லாம் மாலையில் ஒருமுறை மட்டுமே பயன்படும் ஆற்றல் வழங்குவார். லாடம் மதிலைத் தாண்டும். வில்லை இருளில் காணும். கொண்டை ஊசி பூட்டைத் திறக்கும்.

விதி ஒன்றுதான் கடுமையானது. என் பொருள்கள் என் ஜாமெட்ரி பெட்டிக்குள்ளும், தம்பியுடையவை அவனது சோப்புப் பெட்டிக்குள்ளும் அடங்க வேண்டும். "மூடி சேர்ந்தாத்தான் சொத்து. பிதுங்கினா எல்லாம் கள்ளனுக்கு" என்றார் மாமா. தொடக்கத்தில் ஆளுக்கோர் ஆரஞ்சு மிட்டாயும் தந்தார். அது உயிர்காக்கும் குளிகை. மடிந்தவரைப் பத்து எண்ணுவதற்குள் எழுப்பிவிடும்.

வெல்பவருக்குப் பரிசு, திருவிழாவுக்கு வந்து, இன்னும் பிரிக்கப்படாமல் நின்ற தொட்டில் ராட்டினத்தில் சவாரி. ஒரு தொட்டிலுக்கு இருவர். சிறுவர் தனித்து ஏறக் கூடாது. மாமாவுக்கோ உயரத்தில் தலை சுற்றும். "ஒரே தடவைதான் ஏறுவேன். கூட ஒரே ஆள்தான்" என்று முன்னரே அறிவித்துவிட்டார்.

அன்று முதல் என் உறக்கம் கெட்டது. லாடம் பெட்டியில் பாதியை அடைத்தது. அதை வைத்தால் ஊதலுக்கு இடமில்லை. ஊதலை வைத்தால் வில்லை உடையும். தந்தையார் அறியாமல் காம்பஸையும் பாகைமானியையும் அரிசிப் பானைக்குப் பின்னே ஒளித்தேன். அம்மா ஒருநாள் பெட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு மாமா பக்கம் திரும்பினார்.

"ஏண்டா, பிள்ளைங்களைக் குப்பை பொறுக்க விட்டுட்டு நீ ராஜா மாதிரி உக்காந்திருக்கே?"

"அது குப்பை இல்லக்கா, ஆயுதம்."

"சரி, ஆயுதம் எடுத்த கையக் கழுவிட்டுச் சாப்பிட வாங்க."

தம்பிக்கு இத்தகைய கவலை ஏதுமில்லை. முதல் நாளே வெறும் தேள் கடிக்குக் குளிகையைத் தின்று தீர்த்தான். தன் ஊதலைக் காவலனுக்குக் கையூட்டாகக் கொடுத்தான். நானோ எதையும் செலவிடவில்லை. மதில் வந்தபோதும் லாடத்தை எடுக்காமல், கூடத்தை மூன்று முறை சுற்றி நடந்தே கடந்தேன். இதனினும் பெரிய மதில் நாளை வராது என்பதற்கு என்ன உறுதி?

நான்காம் நாள் தம்பியைப் பாம்பு தீண்டியது. கூடத்து நடுவே மல்லாந்து விழுந்தான். மாமா எண்ணத் தொடங்கினார். ஆறுக்குப் பின் அவர் குரல் மிகவும் நிதானப்பட்டது. தம்பி ஒரு கண்ணை மட்டும் திறந்து என் பெட்டியைப் பார்த்தான்.

"நாளைக்கு எனக்கே வேணும்" என்றேன்.

"பத்து" என்றார் மாமா. தம்பி கண்ணை மூடிக்கொண்டான்.

இறுதி நாளில் புதையல் குகையின் கதவை அடைந்தேன். கொண்டை ஊசியை நீட்டினேன். பூட்டே இல்லை என்றார் மாமா. லாடத்தை நீட்டினேன், மதிலும் இல்லையாம்.

"ரெண்டு பேர் சேர்ந்து தள்ளணும். இன்னொரு ஆள் எங்கே?"

"செத்துட்டான்."

"அப்ப நீ தோத்தே."

நான் அழுத அழுகையில் மாமா மனம் இளகினார். "சரி, இப்பவாவது மிட்டாயைக் கொடு. பிழைச்சு வரட்டும்."

பெட்டியைத் திறந்தேன். வெயிலில் உருகிய மிட்டாய், லாடத்தையும் வில்லையையும் ஒன்றாக ஒட்டியிருந்தது. அதன்மேல் எறும்புகள் திருவிழா நடத்திக்கொண்டிருந்தன.

"யாருமே ஜெயிக்கலையா மாமா?" என்று கேட்டான் மடிந்து கிடந்த தம்பி.

மாமா தீர்ப்புச் சொன்னார். "அவ தோத்தா. நீ செத்தே, ஆனா தோக்கலையே. கிளம்புடா."

அன்று மாலை ராட்டினத்தடியில் இருவரின் செருப்புக்கும் காவலாக நின்றேன். தொட்டில் மேலே ஏறியது. மாமா கண்களை இறுக மூடியிருந்தார். தம்பி கம்பியைப் பற்றியபடி என்னை நோக்கிக் கூவினான். இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. பழிப்புக் காட்டுகிறான் என்றெண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அடுத்த சுற்றிலும் கூவினான். நான் அப்போதும் நிமிரவில்லை.

இறங்கி வந்தவனின் முகம் வெளுத்திருந்தது. கை சில்லிட்டிருந்தது.

"இங்கேயே நின்னியாக்கா?"

"பின்னே எங்க போவேன்? செருப்பை யார் பாத்துக்கிறது?" என்றேன் சினத்துடன்.

என் விரலைப் பற்றியவன் வீடு சேரும்வரை விடவில்லை. வெற்றிச் செருக்கில் வம்பு செய்கிறான் என்று நினைத்து, வழியெல்லாம் நான் அந்தக் கையை உதறிக்கொண்டே நடந்தேன்.