இன்டோரில் காத்து வரல

ஏசி மெக்கானிக்கை யாரும் சந்தோஷமாக இருக்கும்போது கூப்பிடுவதில்லை. வியர்த்து, தூக்கம் கெட்டு, வீட்டில் நாலு பேரோடு சண்டை போட்டு முடித்த பிறகுதான் நம் நம்பர் அவர்கள் ஞாபகத்துக்கு வரும். எந்த ரிப்பேர் வேலையாக இருந்தாலும், அதில் கை வைத்துத் திட்டு வாங்கியவர்களுக்கு இது புரியும். உங்களை நம்பித்தான் இதை எழுதுகிறேன்.

ஏழு வருஷம் சென்னையில் ஒரு ஏசி கம்பெனியில் வேலை பார்த்தேன். மனைவி கவிதா கிளியனூரில், நான் மேன்ஷன் ரூமில். ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும்தான் புருஷன் பெண்டாட்டி. போதும் என்று போன வருஷம் வேலையை விட்டுவிட்டு மரக்காணத்தில் சொந்தமாகக் கடை போட்டேன். கிளியனூரிலிருந்து தினமும் பைக்கில் போய் வரலாம். முதல் மாதமே கரையோரம் நிறைய வீடுகளில் ஏசியைக் கழுவி சர்வீஸ் செய்து கொடுத்தேன். அப்புறம் இரண்டு மாதம் கழித்து போன்கள் வர ஆரம்பித்தன. எல்லாரும் சொன்னது ஒன்றுதான். அறைக்குள் சுவரில் மாட்டியிருக்கும் இன்டோர் யூனிட்டில் புளோயர் படுத்துக்கொண்டது. உள்ளே உருளை மாதிரி நீளமாக ஒரு காற்றாடி இருக்குமே, குளிர்ச்சியை அறைக்குள் தள்ளுவது, அதுதான் புளோயர்.

மோட்டார்தான் போச்சு

கூனிமேட்டில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் பாய் வீடு. ஏசியைப் போட்டால் கடகடவென்று ஆடியது, சுவரே அதிர்ந்தது. பார்த்த மாத்திரத்தில் மோட்டார்தான் போச்சு என்று சொன்னேன். சென்னையில் அப்படிச் சொல்லித்தான் பழக்கம். புது மோட்டார் போட்டேன். வந்த கையோடு அவர்கள் வீட்டுக் குழாயில் என் ஜெட் பம்பைச் சொருகி, எல்லாவற்றையும் இன்னொரு தரம் கழுவியும் விட்டேன். சத்தம் குறைந்தது. பத்தே நாளில் முன்னைவிட பலமாக வந்தது.

பாய் கோபப்படுகிற ஆள் இல்லை. அதுதான் இன்னும் கஷ்டம். டீ கொடுத்து உட்கார வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "தம்பி, தப்பா நினைக்காதீங்க. நீங்க வர்றதுக்கு முன்னாடி இதுல தூசிதான் இருந்துச்சு. நீங்க வந்துட்டுப் போனப்புறம்தான் வியாதி வந்திருக்குது."

ஏசிக்கு ஒரு ஃபேன்

எக்கியார்குப்பம் ஸ்டெல்லா சிஸ்டர் நைட் டியூட்டி பார்க்கிற நர்ஸ். பகலில் தூங்கினால்தான் உண்டு. அவர் வீட்டில் புளோயர் சுற்றவே இல்லை. காற்று போகாததால் உள்ளே ஐஸ் கட்டி, அது உருகிக் கட்டில்மேல் சொட்டிக்கொண்டிருந்தது. கையால் சுற்றிப் பார்த்தேன். புளோயரின் ஒரு முனையைத் தாங்குகிற புஷ் இறுகிப் போயிருந்தது. புது புஷ் போட்டு, வழக்கம்போல அவர்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீரில் கழுவிவிட்டு வந்தேன். இரண்டு வாரம் ஓடியது. மறுபடி நின்றுவிட்டது.

அடுத்த தடவை போனபோது பீரோ மேல் டேபிள் ஃபேனை ஏற்றி, ஏசியின் வாய்க்கு நேராக ஓடவிட்டிருந்தார்கள். உள்ளே மாட்டிக்கொண்ட குளிர்ச்சியை அது கிளப்பிவிடுமாம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிஸ்டர் சிரிக்கவில்லை. கண் ரெண்டும் சிவந்திருந்தது. "நான் ஊசி போடுறவ, அண்ணா. தூங்காம போனா கை நடுங்குது. உங்களால முடியலன்னா முடியலன்னு சொல்லிடுங்க, வேற ஆளைப் பார்த்துக்கிறேன்."

மேனேஜர் போன்

அன்று சாயங்காலமே என் பழைய மேனேஜர் போன் செய்தார். உன் இடம் காலியாகத்தான் இருக்கிறது, மாசக் கடைசிக்குள் வருவதானால் வா என்றார். அதற்குள் மூன்றாவதாக இன்னொரு வீட்டிலும் புளோயர் நின்றிருந்தது. 'அவன் கை வெச்சா அவுட்டு' என்று கரையோரம் பேச்சும் கிளம்பிவிட்டது. எனக்கு நிஜமாகவே பயம் வந்தது. இன்னும் ஒரு புளோயர் போனால் சென்னைக்கே போய்விடுவது, மறுபடி மேன்ஷன், மறுபடி ஞாயிற்றுக்கிழமை என்று முடிவு செய்தேன்.

கவிதாவிடம் சொன்னேன். துணி மடித்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தவில்லை. "நம்ம ஊர்லயுந்தான் எட்டு வீட்ல கழுவினீங்க. ஒண்ணாச்சும் நின்னுதா? இங்க ஓடுறது அங்க மட்டும் ஏன் நிக்குது? அதைக் கண்டுபுடிச்சிட்டு அப்புறம் பொட்டியைக் கட்டுங்க."

உப்பள ஆபீஸ்

மறுநாளே நாலாவது போன். மரக்காணத்தில் ஒரு உப்பளத்து ஆபீஸ், அதுவும் முதல் மாதம் நான் கழுவிக் கொடுத்த இடம்தான். இதோடு முடிந்தது கதை என்று நினைத்துக்கொண்டே போனேன். இந்தத் தடவை அவசரப்பட்டு எதையும் மாற்றவில்லை. புளோயரை முழுசாகக் கழற்றி, வெளியே வெயிலில் ஒரு சாக்கு மேல் வைத்தேன். இறகெல்லாம் வெள்ளையாக ஏதோ பிடித்திருந்தது. எல்லா வீட்டிலும் பார்த்ததுதான். சுவர்ச் சுண்ணாம்பு உதிர்ந்து ஒட்டியிருக்கிறது என்று நினைத்து, கழுவிக் கழுவி விட்டிருந்தேன்.

பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்த செல்வி அக்கா தண்ணீர் குடிக்க ஆபீஸ் பக்கம் வந்தார். இருபது வருஷமாக அந்த அளத்தில் வேலை பார்க்கிறவர். குனிந்து பார்த்தார். ஒரு இறகை நகத்தால் சுரண்டி, நான் தடுப்பதற்குள் நாக்கில் வைத்துவிட்டார். "எந்தத் தண்ணியில கழுவின?" என்று கேட்டார். ஆபீஸ் வாசலில் இருந்த போர் குழாயைக் காட்டினேன். அக்கா தலையில் அடித்துக்கொண்டார்.

எங்கள் கிளியனூர் போரில் வருவது நல்ல தண்ணீர். சென்னையில் தண்ணீரைப் பற்றி யோசித்ததே இல்லை, குழாய் கிடைத்தால் சொருகுவேன். இங்கே கரையோரத்து போரில் வருவது உப்புத் தண்ணீர். நான் கழுவிவிட்டுப் போனதும் தண்ணீர் காய்ந்தது, உப்பு தங்கிவிட்டது. இறகில் ஒரு பக்கம் கூடுதலாகப் பிடித்தால் புளோயர் ஆடும். புஷ்ஷில் இறங்கினால் இறுகிவிடும். ரிப்பேருக்குப் போன ஒவ்வொரு தடவையும் அதே தண்ணீரில் திரும்பக் கழுவி, அடுத்த ரிப்பேருக்கும் நானே ஏற்பாடு செய்துவிட்டு வந்திருக்கிறேன். பாய் வீட்டு மோட்டார் பாவம், ஒரு தப்பும் செய்யவில்லை. அவமானத்தில் நான் குறுகியிருக்க வேண்டும். எனக்கோ அப்பாடா என்று இருந்தது. செல்வி அக்கா வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "நாங்களும் இதையேதான் பண்றோம். தண்ணிய நிறுத்தி, காயவுட்டு, உப்பு எடுக்குறோம். நீ அதை செவுத்துல மாட்டி எடுக்குற. உனுக்கு இடுப்பு வலியாவது மிச்சம்!"

கேன் தண்ணீர்

பைக்கில் இரண்டு கேன் குடிதண்ணீரைக் கட்டிக்கொண்டு ஒவ்வொரு வீடாகப் போனேன். பாயிடம் ஒளிக்காமல் சொன்னேன், தப்பு என்னுடையது, உங்கள் பழைய மோட்டார் நல்ல மோட்டார் என்று. கேன் தண்ணீரில் புளோயரைக் கழுவித் துடைத்து மாட்டினேன். அவரே ரிமோட்டை அழுத்தினார். சத்தம் இல்லை, ஜில்லென்று காற்று வந்தது. கொஞ்ச நேரம் காற்றில் நின்றுவிட்டு என்னைப் பார்த்தார். "அந்தக் குழாய்த் தண்ணியில நாங்க டீகூட போட மாட்டோமே தம்பி. ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? சரி, கேன்ல மிச்சம் இருக்குதுல்ல, பெரியவன் ரூம்ல ஒரு ஏசி இருக்குது. அதையும் பார்த்துடுங்க."

மாசக் கடைசி

ஸ்டெல்லா சிஸ்டர் வீட்டு ஏசியைக் கேன் தண்ணீரில் கழுவி, புது புஷ் போட்டு மூன்று வாரம் ஆகியிருந்தது. முன்பு இரண்டு வாரத்தில் நின்ற புளோயர் அது. அன்று மேனேஜருக்குப் பதில் சொல்ல வேண்டிய கடைசி நாள். பைக்கை ஓரமாக நிறுத்தி, மத்தியானம் இரண்டு மணிக்கு சிஸ்டருக்கு போன் போட்டேன். எடுத்தது சிஸ்டரின் அம்மா. ஏசி எப்படி ஓடுகிறது என்று கேட்டேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "மெதுவாப் பேசுப்பா. அவ காலையில இருந்து நல்லாத் தூங்குறா."

மேனேஜரிடம் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். இப்போது எந்த வீட்டுக்குப் போனாலும் டூல்ஸ் பையைத் திறக்கும் முன்னால் குழாய்த் தண்ணீரில் ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்க்கிறேன், ஏழு வருஷம் படித்த தொழிலில் எனக்கு விட்டுப்போயிருந்தது அந்த ஒரு சொட்டுதான்.