காவிச் சட்டையில் நான்கு நாட்கள்

கூடத்தில் தும்மல் கேட்டது. ஒன்று, இரண்டு, மூன்று.

அடுக்களையில் ரசம் தாளித்துக்கொண்டிருந்த மலர்க்கொடியின் கை அப்படியே நின்றது. மூன்றாகத் தும்முகிறவள் அவளுக்குத் தெரிந்து ஒருத்திதான். அவள் முகத்திலேயே விழிக்கக்கூடாது என்று இருபத்திரண்டு வருடமாக இருந்தவள் மலர்க்கொடி.

"கதவு திறந்திருந்தா உள்ள வந்துடுறதா? எவ அது?"

"நான்தாண்டி, வானதி. உன் தாளிப்புதான் மூக்குல ஏறுது."

இன்று நன்னிலத்தில் கிராம செவிலியராக இருக்கும் மலர்க்கொடி, அன்று பதினோராம் வகுப்பு மாணவி. பள்ளியில் ஒரு விருதுத் திட்டம் இருந்தது. ஒரு சேவை, ஒரு விளையாட்டு, ஒரு கைத்திறன், கடைசியாக நான்கு நாள் நடைப்பயணம். முடித்தால் பேட்ஜும் சான்றிதழும். திருவிடைமருதூரிலிருந்து நாகப்பட்டினம் வரை நடக்க வேண்டும். கூடாரத்தில் தங்கி, தாங்களே சமைக்க வேண்டும். குழுவை விட்டு யாரும் பிரியக்கூடாது. வயல் கூலியில் மகளைப் படிக்கவைத்த அவள் அப்பா மருதையன், அந்தச் சான்றிதழை மாட்ட முன்கூட்டியே சுவரில் ஆணி அடித்து வைத்திருந்தார்.

பொறுப்பாசிரியர் சாரங்கபாணி ஒரு தப்புச் செய்தார். தூரத்திலிருந்தே தெரியட்டும் என்று எல்லோருக்கும் காவி நிறத்தில் சட்டை தைத்துக் கொடுத்தார். அது ஆவணி மாதம்! வேளாங்கண்ணிக் கொடியேற்றத்துக்குக் காவி உடுத்தியவர்கள் சாலையெல்லாம் நடக்கிற காலம். வழிநெடுக மோர் கொடுத்தார்கள். "நாங்க ஸ்கூல் பிள்ளைங்க" என்றால், "இருக்கட்டும், எங்களுக்கும் வேண்டிக்கங்க" என்றார்கள். பிள்ளைகளுக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

நன்னிலத்தில் அம்சம் என்றொரு பெண், இடுப்பில் குழந்தையோடு ஓடிவந்து மலர்க்கொடியின் உள்ளங்கையில் சின்ன வெள்ளித் தொட்டிலை அழுத்தினாள்.

"பத்து வருசம் கழிச்சுப் பொறந்தவன். நடந்துபோய்ப் போடுறதா வேண்டுதல், எனக்கு நடக்க முடியல. மாதா காலடியில போட்டுடும்மா."

இவள் வாய் திறப்பதற்குள் அந்தப் பெண் பஸ் ஏறிவிட்டாள். நாகப்பட்டினத்தை நெருங்கியிருந்த கடைசி நாள் விடியலில், குழுத் தலைவியான வானதியை மலர்க்கொடி உலுக்கி எழுப்பினாள்.

"வேளாங்கண்ணிக்கு நடந்துபோய் இதைப் போட்டுட்டு, மதியத்துக்குள்ள பஸ்ல வந்துடுறேன்."

"சரி, போயிட்டு வா."

அவள் திரும்பியபோது ஆசிரியர் கொதித்துக்கொண்டிருந்தார். அனுப்பியதாகச் சொன்னால் தன் பேட்ஜும் போய்விடும் என்று பயந்த வானதி, "எங்கிட்ட சொல்லல சார்" என்றாள். பயணக் குறிப்பேட்டிலும் அதையே எழுதினாள். மலர்க்கொடிக்கு மட்டும் விருது இல்லை.

அப்பா ஒன்றுதான் கேட்டார். "சொல்லிட்டுத்தானே போனே?"

"சொன்னேன்ப்பா."

"அப்புறமென்ன, சாப்பிடு."

சாகும்வரை அவர் அந்த ஆணியைப் பிடுங்கவில்லை.

அதே பள்ளியில் இப்போது ஆசிரியையாக இருக்கும் வானதி, பையிலிருந்து பழைய குறிப்பேட்டையும் ஒரு பேட்ஜையும் எடுத்து வைத்தாள்.

"திங்கக்கிழமை திட்டத்தைத் திரும்ப ஆரம்பிக்கிறோம். நான்தான் பொறுப்பு. இது உனக்குச் சேர வேண்டியதுடி."

மலர்க்கொடி குறிப்பேட்டைப் புரட்டினாள். மண்ணெண்ணெய் வாடை அடித்த உப்புமா, மழையில் சரிந்த கூடாரம், வானதியின் தும்மலை எண்ணிச் சிரித்த ராத்திரி. அவள் கண்கள் நிறைந்து வழிந்தன.

"அந்த நாலு நாள் சிரிச்ச மாதிரி நான் அப்புறம் சிரிக்கவே இல்லடி."

வானதி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"பேட்ஜ் வேணாம். நீ எழுதின அந்த வரியை அடி."

"இதைப் பிள்ளைங்க பார்வைக்கு வைக்கப் போறோம் மலரு. டீச்சரே பொய் சொன்னான்னு என் பேரு..."

"என் பேரு இத்தனை வருசமா அதுலதானே கிடக்கு?"

வானதி குறிப்பேட்டைத் தன் பக்கம் இழுத்தாள். பிறகு பேனாவைத் திறந்தாள். வரியை அடித்தாள். 'மலர்க்கொடி என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனாள். நான் பொய் சொன்னேன்' என்று கீழே எழுதி, தேதியோடு கையெழுத்துப் போட்டாள்.

மலர்க்கொடி அதை இரண்டு முறை படித்தாள்.

"சாப்பிட்டுப் போயேன்."

"இன்னைக்கு இறங்காதுடி."

வாசல்வரை கூடவே போனாள் மலர்க்கொடி. "திங்கக்கிழமை எத்தனை மணிக்கு?"

"பத்துக்கு. வருவியா?"

"நோட்டை முன்னாடி வை. அந்தப் பக்கத்தைத் திறந்து வை."

வானதி தலையாட்டினாள். அவள் ஸ்கூட்டர் தெருமுனை திரும்பும்வரை நின்றிருந்துவிட்டு, மலர்க்கொடி கதவைச் சாத்தினாள்.